உங்களுக்குத் தெரியுமா? பென் டிரைவுக்குள் ஒரு பேரேடு

கல்யாண வீடியோவை பென் டிரைவில் ஏற்றப் பார்க்கிறோம். 32 ஜிபி பென் டிரைவ், முழுக்கக் காலி. வீடியோ 6 ஜிபிதான். ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுக்கிறது. நண்பரின் மேக்கில் நன்றாக ஓடிய ஹார்ட் டிஸ்க்கை நம் வின்டோஸ் கணினியில் செருகினால், ஃபார்மட் செய்யச் சொல்கிறது. நாம்தான் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று தோன்றும். தவறு நம்முடையது இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கும் பேரேடு ஒன்று ஒவ்வொரு டிஸ்க்கிலும் உண்டு. அதன் பெயர்தான் கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம். வின்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் மூன்று விதமாகக் கணக்கு எழுதுகின்றன. இன்று நம்மைப் படுத்தும் பல சிக்கல்களுக்கு வேர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. அந்த வேரைத் தெரிந்துகொண்டால் நம் படங்களையும் வீடியோக்களையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

1977-இல் தொடங்கிய கணக்கு

'ஃபேட்' என்ற முறைமையை 1977-இல் எழுதியவர் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த மார்க் மெக்டொனால்ட். ஃபிளாப்பி காலத்துக்காக எழுதியது. 'கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஃபேட். அதன் வாரிசான ஃபேட்32, 1996-இல் வின்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்தது. டிவி, கேமரா, கார் ஸ்டீரியோ, மேக், லினக்ஸ் என எல்லாவற்றுக்கும் புரிவதால் அது இன்றுவரை சாகவில்லை. புத்தம்புதிய லேப்டாப்பை முடுக்கும்போதும், அதைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ என்ற உள்மென்பொருள் முதலில் திறந்து படிப்பது டிஸ்க்கில் உள்ள ஒரு சின்ன ஃபேட் பகுதியைத்தான்.

4 ஜிபி சுவர்

ஃபேட்32 பேரேட்டில் கோப்பின் அளவை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 4,294,967,295. 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தாலும், அளவை எழுதக் கட்டம் இல்லாததால் கோப்பு ஏறாது. கேமராக்கள் நீண்ட வீடியோவை 4 ஜிபி துண்டுகளாக வெட்டுவதற்குக் காரணம் இதுதான். வின்டோஸை நிறுவ பென் டிரைவ் தயார் செய்பவர்களும் இதே சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். நிறுவலுக்கான முக்கியக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிடுவதால், அதைத் துண்டாக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

32 ஜிபி தடை ஃபேட்டுடையது இல்லை

64 ஜிபி கார்டை வின்டோஸின் ஃபார்மட் பெட்டியில் போட்டால் ஃபேட்32 என்ற தேர்வே வெகுகாலம் வந்ததில்லை. ஆனால் ஃபேட்32, வழக்கமான 512 பைட் செக்டார் கொண்ட டிஸ்க்கில் 2 டிபி வரை போகக்கூடியது. 32 ஜிபி என்ற எல்லை வின்டோஸ் தன் கருவியில் வைத்துக்கொண்ட எல்லை. அதனால்தான் அதே கார்டை லினக்ஸிலோ மேக்கிலோ ஃபேட்32 ஆக்கினால், வின்டோஸ் எந்தத் தயக்கமும் இல்லாமல் படித்துவிடும். 2024 ஆகஸ்டில், வின்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பில் கட்டளை வரி வழியாக 2 டிபி வரை ஃபார்மட் செய்ய மைக்ரோசாஃப்ட் வழி திறந்தது.

மூவருக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட்

4 ஜிபி சுவரை இடிக்க 2006-இல் வந்தது எக்ஸ்ஃபேட். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு இதுவே விதி என்று 2009-இல் முடிவானது. ஆனால் காப்புரிமை மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்ததால் லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள் இது நுழையப் பத்தாண்டு பிடித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு கெர்னல் 5.4-இல் முதல் ஆதரவு சேர்ந்தது. இன்று வின்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கவும் எழுதவும் பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்தான் கைகொடுக்கும். பழைய டிவிக்குப் படம் கொண்டுபோவதானால் மட்டும் ஃபேட்32 பாதுகாப்பு.

'எஜெக்ட்' ஏன் அவ்வளவு முக்கியம்?

மாற்றத்தைச் செய்யுமுன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று தனியாகக் குறித்துக்கொள்ளும் பழக்கம் சில முறைமைகளுக்கு உண்டு. அதற்கு ஜர்னல் என்று பெயர். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். வின்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 இரண்டுக்கும் இது உண்டு. ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் இல்லை. நாம் அதிகம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகும் பென் டிரைவில்தான் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கிறது. 2018-இல் வந்த வின்டோஸ் 10 பதிப்பு எண் 1809 முதல், உடனே பிடுங்கினாலும் ஆபத்து குறையும்படி இயல்பு அமைப்பை மாற்றினார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் காப்பாற்ற யாராலும் முடியாது. மேக்கிலும் லினக்ஸிலும் எஜெக்ட் செய்யாமல் கையை வைக்காதீர்கள்.

படிக்கலாம், எழுதக் கூடாது

என்டிஎஃப்எஸ் 1993-இல் வின்டோஸ் என்டி 3.1-உடன் பிறந்தது. அந்த டிஸ்க்கை மேக்கில் செருகினால் எல்லாக் கோப்பும் தெரியும், திறக்கும். ஆனால் ஒரு கோப்பைக்கூடப் புதிதாகப் போட முடியாது. டிஸ்க் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் முழுமையாக எழுதும் வசதி 2021-இல் 5.15 பதிப்போடு வந்தது. மறுபக்கம், 2017 முதல் மேக் பயன்படுத்தும் ஏபிஎஃப்எஸ்ஸை வின்டோஸ் தானாகப் படிக்கவே படிக்காது.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

ஆங்கிலத்தில் ஒரே பெயரை ஒருமுறை கேப்பிடலிலும் ஒருமுறை ஸ்மால் லெட்டரிலும் எழுதினால் லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்புகள். வின்டோஸுக்கும், இயல்பான அமைப்பில் உள்ள மேக்குக்கும் அவை ஒன்றே. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலிலேயே இப்படி இரட்டைப் பெயர்கள் உண்டு. நெட்ஃபில்டர் ஃபோல்டரில் 'எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ்' என்று இரண்டு கோப்புகள். ஒன்றில் பின்பாதி கேப்பிடல், மற்றதில் ஸ்மால். கெர்னலை மேக்கில் இறக்கினால் இந்த இரண்டில் ஒன்று காணாமல் போகும். 2014 டிசம்பரில், நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் பிடிபட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையும் இந்த வேறுபாட்டில் பிறந்ததுதான். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம் எழுத்தில் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை.

'கான்' என்று ஃபோல்டர் வைக்க முடியாது

சி, ஓ, என் ஆகிய மூன்று எழுத்தில் வின்டோஸில் ஃபோல்டர் போட முடியாது, அது யாருக்கும் விளங்காத மர்மம் என்று ஒரு காலத்தில் மின்னஞ்சல்கள் சுற்றின. மர்மம் ஒன்றும் இல்லை. வின்டோஸின் முன்னோடி டாஸ். 1981-இல் வந்த அதன் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்பதே கிடையாது. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கன்சோலை 'கான்' என்றும், பிரிண்டரை 'பிஆர்என்' என்றும் கோப்புப் பெயர் போலவே அழைத்தார்கள். ஃபோல்டர்கள் வந்த பிறகும் பழைய நிரல்கள் ஓட வேண்டுமே என்று அந்தப் பெயர்களை எல்லா இடத்திலும் ஒதுக்கிவைத்தார்கள். 'ஆக்ஸ்', 'நல்', 'காம்1' போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. லினக்ஸில் 'ஆக்ஸ்' என்று பெயர் வைத்த கோப்பை வின்டோஸுக்கு அனுப்பும்போது அது அடம்பிடிப்பதன் காரணம் புரிகிறதா?

சாய்ந்த கோடு எந்தப் பக்கம் சாய்கிறது?

லினக்ஸிலும் மேக்கிலும் ஃபோல்டர்களைப் பிரிப்பது / என்ற கோடு. வின்டோஸில் \ என்ற கோடு. டாஸில் ஃபோல்டர்கள் 1983-இல் 2.0 பதிப்பில் வந்தன. அதற்கு முன்பே / என்ற குறியைக் கட்டளைகளின் தேர்வுகளுக்குப் பயன்படுத்திவிட்டதால், எதிர்த்திசைக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய வின்டோஸில் அதே குறி யென் நாணயக் குறியாகத் தெரியும்; கொரிய வின்டோஸில் வோன் குறியாகத் தெரியும். பழைய மேக்கில் பிரிக்கும் குறி முக்காற்புள்ளி. அந்தப் பழக்கம் விடாததால், இன்றும் மேக்கின் ஃபைண்டரில் பெயருக்குள் : போட முடியாது, ஆனால் / போடலாம்.

நேரத்தைப் பெயரில் வைக்காதீர்கள்

வின்டோஸில் பெயருக்குள் வரக் கூடாத குறிகள் ஒன்பது: \ / : * ? " < > |. லினக்ஸில் தடை / ஒன்றுக்கும், வெற்றுப் பைட்டுக்கும் மட்டுமே. அதனால் லினக்ஸில் '10:30 கூட்டம்' என்று சேமித்த ஒலிப்பதிவு, வின்டோஸுக்கு நகல் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடும். நேரத்தை 10-30 என்று கோடு போட்டு எழுதினால் எங்கும் போகும்.

தமிழ்ப் பெயருக்கு மூன்று மடங்கு இடம்

லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்புப் பெயருக்கு அதிகபட்சம் 255 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 255 எழுத்து தாராளமாகக் கிடைக்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். 'த' போன்ற அகர எழுத்துக்கு ஒரு குறி போதும். மற்ற உயிர்மெய்யில் உயிர்க்குறியும், மெய்யில் புள்ளியும் சேர்ந்து இரண்டு வரும். 'தமிழ்நாடு' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி, 27 பைட். 255 பைட்டில் 85 குறிகள்தான் அடங்கும். எழுத்துக் கணக்கில் ஏறக்குறைய 45 முதல் 50. வின்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. 255 குறி வரை ஏற்கும். அதனால் கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்த தமிழ்க் கோப்பு வின்டோஸில் நன்றாக இருந்து, லினக்ஸுக்குப் போகும்போது 'பெயர் நீளம்' என்று திரும்பிவிடும். பெயரைச் சுருக்குங்கள், தமிழை விடாதீர்கள்.

ஒரே கோவில், இரண்டு கோப்பு

'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க' என்ற குறியோடு ஓகாரக் குறியைச் சேர்ப்பது ஒரு முறை. அந்த ஓகாரக் குறியையே இரண்டாக உடைத்து, இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாகத் தனித்தனியே வைப்பது இன்னொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தமிழில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றின் குறிகளும் இப்படி உடையும். 'கோவில்' என்ற சொல் ஒருவிதத்தில் ஆறு குறி, மற்ற விதத்தில் ஏழு குறி.

1998-இல் வந்து 2017 வரை மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ், எந்தப் பெயரையும் உடைத்துத்தான் எழுதிவைக்கும். லினக்ஸும் வின்டோஸும் நாம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய மேக்கிலிருந்து 'கோவில் படங்கள்' ஃபோல்டரை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, அங்கே அதே பெயரில் புதிதாக ஒன்று போட்டால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'கோவில் படங்கள்' நிற்கும். தேடினால் ஒன்று கிடைக்கும். மற்றது கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. இது தமிழுக்கு மட்டுமான தொல்லை இல்லை. உச்சிக்குறி போட்டு எழுதும் ஐரோப்பிய மொழிகளும், கொரிய மொழியும் இதே துன்பத்தைப் பட்டன. கிட் மென்பொருள் 2012-இல் மேக்குக்காக இதற்கென்றே ஒரு தேர்வைச் சேர்த்தது. இன்றைய ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பெயர்தான் என்றும் புரிந்துகொள்கிறது. பழைய மேக் டிஸ்க்கில் தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்கள், மாற்றிய பிறகு இரட்டைப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

260-இல் முடியும் பாதை

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தால் வின்டோஸ் ஓரிடத்தில் நகல் எடுக்க மறுக்கும். டிரைவ் எழுத்து முதல் கோப்புப் பெயர் வரை மொத்தப் பாதையும் 260 குறிக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. என்டிஎஃப்எஸ் சுமார் 32,767 வரை தாங்கும். 2016 முதல் வின்டோஸ் 10-இல் இந்த எல்லையை நீக்கிக்கொள்ளத் தேர்வு உண்டு. ஆனால் நாம்தான் அதை இயக்க வேண்டும், மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்.

இரண்டு நொடிக் கடிகாரம்

ஃபேட்32-இல் கோப்பு மாறிய நேரத்தில் நொடிகள் இரட்டைப்படையில் மட்டுமே இருக்கும். நொடிக்கு ஒதுக்கியது 5 பிட். அதில் 60 அடங்காது என்பதால் பாதியாக்கி எழுதுகிறார்கள். இன்னொரு குறை: ஃபேட்32 உள்ளூர் நேரத்தையே எழுதும், என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் லேப்டாப்பின் நேர மண்டலத்தை மாற்றினால், பென் டிரைவில் உள்ள கோப்புக்கும் லேப்டாப்பில் உள்ள அதே கோப்புக்கும் திடீரென்று 2½ மணி நேர வித்தியாசம் முளைக்கும். எல்லாமே மாறிவிட்டதாக எண்ணி, பேக்கப் மென்பொருள் முதலிலிருந்து நகல் எடுக்கத் தொடங்கும்.

2038, ஜனவரி 19, காலை 8.44

ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு தொடக்க ஆண்டு உண்டு. என்டிஎஃப்எஸ்ஸுக்கு 1601. பழைய மேக்குக்கு 1904. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸுக்கு 1970. ஃபேட்டுக்கு 1980. யூனிக்ஸ் நேரத்தை 32 பிட்டில் எழுதும் பழைய டிஸ்க்குகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இடம் தீர்ந்துவிடும். இயல்பு அமைப்பில் உருவான இஎக்ஸ்டி4 டிஸ்க்குகள் 2446 வரை தாங்கும். எச்எஃப்எஸ் பிளஸ் 2040 பிப்ரவரியில் நின்றுவிடும்.

1 டிபி வாங்கினால் 931

1 டிபி டிஸ்க்கை வின்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால், கடையில் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். வின்டோஸ் 1,024 கணக்கில் எண்ணி, அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. மேக் 2009-இல் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. அதே டிஸ்க் அங்கே முழு 1 டிபியாகத் தெரியும்.

சின்னக் கோப்பு, பெரிய அறை

டிஸ்க் இடத்தை ஒரே அளவான அறைகளாகப் பிரித்துத்தான் வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு வின்டோஸ் வைக்கும் இயல்பு அறை 128 கேபி. ஒரு கேபி கோப்பும் ஓர் அறை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பத்தாயிரம் கோப்பு இருந்தால் 10 எம்பி விஷயத்துக்கு 1.2 ஜிபிக்கு மேல் போய்விடும். சின்னக் கோப்புகளை ஜிப் செய்து ஒன்றாக்கி வைப்பது நல்லது.

கார் ஸ்டீரியோவில் இரட்டைப் பாட்டு

மேக்கில் பாட்டு ஏற்றிய பென் டிரைவைக் காரில் செருகினால், ஒவ்வொரு பாட்டும் இரண்டிரண்டாகத் தெரியும், ஒன்று பாடாது. மேக் தன் கூடுதல் குறிப்புகளை ஃபேட்டில் எழுத இடம் இல்லாததால், ._ என்று தொடங்கும் துணைக் கோப்பை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைத்துவிடுகிறது. மேக்கிலும் லினக்ஸிலும் புள்ளியில் தொடங்கும் பெயர் மறைந்திருக்கும். மற்றவற்றுக்கு அந்த வழக்கம் தெரியாது. அந்தத் துணைக் கோப்புகளை அழித்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அழித்தும் காலியாகாத டிஸ்க்

வின்டோஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால், வேறொரு மென்பொருள் பயன்படுத்துகிறது என்று பெரும்பாலும் தடுத்துவிடும். லினக்ஸ் தடுக்காது, பெயரை மட்டும் உடனே நீக்கும். கடைசி மென்பொருள் கையை விடும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். 50 ஜிபி பதிவுக் கோப்பை அழித்த பிறகும் சர்வரில் இடம் வரவில்லை என்றால், அதைத் திறந்துவைத்திருக்கும் மென்பொருளை நிறுத்தித் தொடங்குங்கள்.

முதல் எழுத்தை மட்டும் அழிக்கும் ஃபேட்

ஃபேட்டில் ஒரு கோப்பை அழித்தால், பேரேட்டில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் ஏறும். அறைகள் காலி என்று குறிக்கப்படும். உள்ளே இருந்தவை அப்படியே கிடக்கும். 1991-இல் டாஸ் 5.0-உடன் வந்த மீட்புக் கட்டளை, பெயரின் முதல் எழுத்தை நம்மிடமே கேட்டதற்குக் காரணம் இதுதான். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதிது ஏறாதவரை பழையதை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் மட்டும் ட்ரிம் என்ற கட்டளை காலி அறைகளை விரைவில் துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை குறைவு.

ஃபார்மட் செய்யச் சொன்னால் நில்லுங்கள்

லினக்ஸ் டிஸ்க்கையோ மேக் டிஸ்க்கையோ வின்டோஸில் செருகினால், 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி வரலாம். மேக்கிலும் இப்படித்தான்: படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, 'இனிஷியலைஸ்' என்ற பொத்தானையும் பக்கத்தில் வைக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. 'இந்தப் பேரேடு எழுதிய மொழி எனக்குத் தெரியாது' என்பதைத்தான் கணினி அப்படிச் சொல்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தினால், பழைய பேரேட்டின் மேல் புதிய வெற்றுப் பேரேடு ஏறிவிடும்.

ரத்து செய்துவிட்டு டிஸ்க்கை முறையாக வெளியே எடுங்கள். அது எந்தக் கணினியில் கடைசியாக ஓடியதோ அதில் செருகிப் பாருங்கள். அங்கே திறந்தால் எல்லாவற்றையும் ஓர் எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்க் என்றால், வின்டோஸ் 11-க்குள் இருக்கும் லினக்ஸ் துணை அமைப்பு வழியாகவும் திறக்கலாம். தாத்தாவின் குரல், குழந்தையின் முதல் நடை, கல்யாண வீடியோ என உள்ளே இருப்பவை பத்திரமாகவே இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த கணினியைத் தேடிப்போவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.